நம் கார்களை நாமே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி: வேகத்தையும் குணத்தையும் அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

2018-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் காரின் சக்தி 83 பிஎஸ் (குதிரைத்திறன் அலகு), எடை சுமார் 870 கிலோ. ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-யின் 1.2 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு 105 பிஎஸ், காரின் எடை சுமார் 1,100 கிலோ. டன்னுக்கு எத்தனை பிஎஸ் என்று கணக்குப் போட்டால் இரண்டுக்கும் ஏறக்குறைய 95 வருகிறது. ஆனால் இரண்டையும் ஓட்டிய ஒருவர்கூட இவை ஒரே மாதிரி ஓடுகின்றன என்று சொல்ல மாட்டார். போலோ ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்தும்போதே முதுகை சீட்டோடு தள்ளும். ஸ்விஃப்ட்டில் முள் 4,000 ஆர்பிஎம்மை (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) தாண்டிய பிறகுதான் அதன் உற்சாகம் முழுதாகத் தெரியும்.

கார் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்து "உன் வண்டியா, என் வண்டியா" என்று ஆரம்பித்தால் பேச்சு முடிவுக்கு வருவதே இல்லை. ஒருவர் உச்ச சக்தியைப் பேசுகிறார், இன்னொருவர் பிக்கப்பை, மூன்றாமவர் மலைப்பாதை வளைவை. எல்லோருமே தன் காருக்குப் பழகிப்போன கை கால்களை வைத்துத்தான் அடுத்தவர் காரை எடைபோடுகிறார்கள். இதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான். அளக்க முடிந்ததை எல்லாக் காருக்கும் ஒரே நிபந்தனையில் அளந்துவிட வேண்டும். அளக்க முடியாததற்குச் சாவியை மாற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு நம் ஊர் நண்பர் குழுக்களில் சாதாரணமாகக் காணும் நான்கு கார்களை வைத்துக்கொள்கிறேன்: மேலே சொன்ன ஸ்விஃப்ட், போலோ, 2020-இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிட்டி பெட்ரோல், ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல். நான்கும் நான்கு விதம் என்பதால் ஒப்பிடும்போது எங்கெல்லாம் தடுமாறுவோம் என்பது நன்றாகத் தெரியும்.

படி 1: முதலில் காகிதத்தில் கணக்கு

அலகை ஒன்றாக்குங்கள். ஒருவர் பிஎச்பியிலும், இன்னொருவர் பிஎஸ்ஸிலும், மின்சாரக் கார் வைத்திருப்பவர் கிலோவாட்டிலும் சொல்வார். 100 பிஎஸ் என்பது 98.6 பிஎச்பி, அதாவது 73.5 கிலோவாட். வித்தியாசம் சிறியது என்றாலும், இரண்டு மூன்று பிஎஸ்ஸுக்காகச் சண்டை போடுகிற இடத்தில் அதுவே முக்கியமாகிவிடும்.

அடுத்தது டார்க், அதாவது எஞ்சினின் திருகுவிசை. உச்ச அளவு எவ்வளவு என்பதைவிட அது எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதுதான் ஓட்டும்போது தெரிவது. ஸ்விஃப்ட்டுக்கு 113 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,200 ஆர்பிஎம்மில். போலோவுக்கு 175 நியூட்டன் மீட்டர், 1,500 முதல் 4,100 வரை அப்படியே நிற்கும். இதைச் சக்தியாக மாற்ற ஒரு எளிய கணக்கு உண்டு: நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால் அந்த ஆர்பிஎம்மில் எத்தனை பிஎஸ் என்று வந்துவிடும். 3,000 ஆர்பிஎம்மில் போலோ சுமார் 75 பிஎஸ் கொடுக்கிறது. ஸ்விஃப்ட் தன் உச்ச டார்க்கையே அங்கே கொடுப்பதாக வைத்துக்கொண்டாலும் 49 பிஎஸ்ஸைத் தொடாது. டன்னுக்கு 95 என்ற கணக்கு மறைத்த விஷயம் இங்கே வெளியே வருகிறது. அன்றாட ஓட்டத்தில் பெரும்பாலும் நாம் இருப்பது 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழேதான்.

சிட்டியும் ஃபிகோவும் இன்னும் சுவாரசியமான ஜோடி. ஃபிகோ டீசல் 100 பிஎஸ், 215 நியூட்டன் மீட்டர். சிட்டி 6,600 ஆர்பிஎம்மில் 121 பிஎஸ், 145 நியூட்டன் மீட்டர். 2,000 ஆர்பிஎம்மில் ஃபிகோவிடம் 61 பிஎஸ் தயாராக இருக்கிறது. அதே இடத்தில் சிட்டியால் 41-ஐக்கூடத் தொட முடியாது. இதை மட்டும் பார்த்துவிட்டு டீசல்தான் எப்போதும் முந்தும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. டீசல் எஞ்சினின் மூச்சு 4,000-ஐ ஒட்டி அடங்கிவிடும் என்பதால் அதன் கியர் விகிதங்களை நீளமாக வைத்திருப்பார்கள். சிட்டிக்காரர் ஒரு கியர் குறைத்து முள்ளை மேலே ஏற்றினால் மொத்தப் படமும் மாறிவிடும். காகிதக் கணக்கு யார் ஜெயிப்பார் என்று சொல்லாது. எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லும், அதுவே போதும்.

படி 2: கார்களை ஒரே நிலைக்குக் கொண்டுவருவது

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், ஒப்பீடு கெட்டுப்போவதும் பெரும்பாலும் இங்கேதான். ஐந்து வருட டயரில் ஓடும் போலோவைப் புது டயர் போட்ட ஸ்விஃப்ட்டோடு ஒப்பிட்டால் டயரைத்தான் ஒப்பிடுகிறோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. எல்லாக் காரிலும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தடத்தின் ஆழத்தையும், எந்த அளவு டயர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய வெளிவட்டம் உள்ள டயர் போட்டிருந்தால் கியர்கள் நீண்டுவிட்டதாகவே அர்த்தம், ஸ்பீடோமீட்டரும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டும்.

காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால், ஒரே கேஜில் பாருங்கள். பெட்ரோல் பங்குக்குப் பங்கு கேஜ் வேறு காட்டும், அதனால் நூறு இருநூறு ரூபாய்க்கு ஒரு கேஜ் வாங்கிக் குழுவில் வைத்துக்கொள்வது நல்லது. அழுத்தம் கார் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி இருக்கட்டும்.

ஏர் ஃபில்டர், வீல் அலைன்மென்ட், பிரேக் ஆயில் இந்த மூன்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பந்தய டிராக்குக்குப் போவதாக இருந்தால் பிரேக் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும் என்பேன். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தர அளவு 155 டிகிரிதான். மூன்று வருடப் பழைய ஆயிலோடு வேகமாகச் சுற்றும்போது பெடல் பஞ்சாகிப் போவது இதனால்தான்.

பெட்ரோல் கார்கள் எல்லாம் ஒரே பங்கில் ஒரே வகைப் பெட்ரோல் போடட்டும், டேங்க் பாதி இருக்கட்டும். காருக்குள் ஓட்டுநர் மட்டும். சின்னக் காரில் ஒரு ஆள் ஏறினாலே மொத்த எடையில் ஏழு சதவீதம் கூடிவிடும். டிக்கியில் கிடக்கும் பழைய சாமான்களையும் இறக்கிவிடுங்கள். அளக்கும்போது ஏசி எல்லாக் காரிலும் அணைந்திருக்க வேண்டும்.

எஞ்சின் ரீமேப் செய்த (மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டிய) கார் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதை ஒதுக்க வேண்டியதில்லை, தனி வரியில் எழுதினால் போதும்.

படி 3: எங்கே ஓட்டுவது

பொதுச் சாலையில் வேகம் அளக்கக் கூடாது. காலை ஐந்து மணிக்கு ஆள் இல்லாத நான்குவழிச் சாலையாக இருந்தாலும் சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு பந்தயத்தை மட்டும் சொல்லவில்லை, வேகச் சோதனையையும் சேர்த்தே தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், அந்த நேரத்தில்தான் பால்காரர் சைக்கிளிலும், லாரி ஓட்டுநர் விளக்கில்லாமல் ஓரம் கட்டியும் இருப்பார்கள். யாரோ ஒருவரின் உயிரைவிட நமக்குத் தெரிய வேண்டிய விநாடிக் கணக்கு பெரிதில்லை.

நமக்குப் பக்கத்திலேயே டிராக்குகள் இருக்கின்றன. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட், 3.7 கிலோமீட்டர். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த தலைமுறைக்குக் கிடைக்காத வசதி இது. சொந்தக் காரோடு வரலாம் என்று அனுமதிக்கும் டிராக் நாட்கள் அவ்வப்போது நடக்கும். தேதி, கட்டணம், ஹெல்மெட் விதிகளை நடத்துபவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர் வாகனக் காப்பீட்டில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்குப் பட்டியலில் இருக்கும். டிராக்கில் கார் சுவரில் உரசினால் செலவு முழுவதும் நம்முடையதுதான். அடுத்தவர் காரை டிராக்கில் ஓட்டுவதற்கு முன் இதை வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் குழுவாக இருந்தால் டிராக்கில் அவரவர் கார், சாலையில் மட்டும் சாவி மாற்றம் என்று வைப்பேன்.

படி 4: அளப்பது

ஸ்பீடோமீட்டரையும் கைக்கடிகாரத்தையும் நம்ப வேண்டாம். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் கூட்டித்தான் காட்டும், எவ்வளவு கூட்டும் என்பது காருக்குக் கார் வேறு. சாதாரணக் கைபேசி ஜிபிஎஸ் விநாடிக்கு ஒரு முறைதான் இடத்தைக் குறிக்கும் என்பதால் அதுவும் ஆகாது. விநாடிக்குப் பத்து முறையோ அதற்கு மேலோ குறிக்கும் சின்ன ஜிபிஎஸ் பெட்டிகள் கிடைக்கின்றன. குழுவாகச் சேர்ந்து ஒன்று வாங்கி, எல்லாக் காரிலும் அதே பெட்டியை வையுங்கள்.

அந்தப் பெட்டியில் ரோல்அவுட் என்று ஒரு அமைப்பு இருக்கும். அமெரிக்க நேர்கோட்டுப் பந்தய (drag race) வழக்கப்படி முதல் ஓர் அடி தூரத்தைக் கணக்கில் எடுக்காது. அது இயங்கினால் நேரம் சுமார் 0.3 விநாடி குறைந்து காட்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி அணைத்துவிடுங்கள். கார் கம்பெனி சொல்லும் எண்ணோடும் இதழ்களின் எண்ணோடும் நம் எண்ணை ஒப்பிடும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுப்பது கட்டாயம். கண்ணுக்குத் தெரியாத ஒரு சதவீதச் சரிவு போதும், 11 விநாடியில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும் கார் 10.6-இல் தொட்டுவிடும். ஒரே திசையில்தான் ஓட்ட முடியும் என்றால் எல்லாக் காரும் அதே இடத்தில் கிளம்பி அதே இடத்தில் முடிக்கட்டும்.

வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 38 டிகிரிக் காற்று ஆறு சதவீதம் அடர்த்தி குறைவு. மார்கழிக் காலையில் ஓட்டிய காரையும் சித்திரை மதியத்தில் ஓட்டிய காரையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. டர்போ கார்களுக்கு இன்னொரு சிக்கல், அடுத்தடுத்து ஓட்டினால் டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறி மூன்றாவது நான்காவது ஓட்டத்தில் தளரும். அந்தத் தளர்ச்சியை மறைக்காமல் எழுதுங்கள், அதுவும் காரின் இயல்புதான். காரின் சோதனைச் சாக்கெட்டில் ஓபிடி அடாப்டர் ஒன்றைச் செருகினால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பம் கைபேசியிலேயே தெரியும்.

0–100 எல்லோருக்கும் பிடித்த எண். எனக்கு அதன்மேல் அவ்வளவு மரியாதை இல்லை. கிளட்ச்சை விடும் திறமையும், முதல் இரண்டு கியர் மாற்றமும் அதில் பாதி. டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் உள்ள போலோவுக்கு 9.7 விநாடி என்று கம்பெனி சொன்னதில் அந்தக் கியர்பாக்ஸின் பங்கு பெரிது. நம் சாலைகளுக்கு உதவுவது ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் வேகம். மூன்றாம் கியரில் 20–80, நான்காம் கியரில் 40–100 இரண்டையும் அளந்து பாருங்கள். பேருந்தைத் தாண்டும்போது நம் காரில் என்ன இருக்கிறது என்று அதுதான் காட்டும். ஆட்டோமேட்டிக் காரில் கியரைப் பிடித்துவைக்க முடியாது, அழுத்தினால் அது தானே கியரைக் குறைத்துக்கொள்ளும் (கிக்டவுன்). அதனால் மேனுவல் கார்களை இரண்டு விதமாக அளக்க வேண்டும்: ஒரே கியரில் ஒரு முறை, விருப்பப்படி கியர் குறைத்து ஒரு முறை. இரண்டாவதைத்தான் ஆட்டோமேட்டிக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். சிட்டிக்கும் ஸ்விஃப்ட்டுக்கும் இந்த இரண்டு எண்களுக்கு இடையே பெரிய இடைவெளி இருக்கும், ஃபிகோவில் அது குறுகும். ஓட்டுநரிடம் எந்தக் கார் எவ்வளவு உழைப்பு கேட்கிறது என்பதை அந்த இடைவெளியே சொல்லிவிடும்.

80-லிருந்து நிற்கும் தூரத்தை மீட்டரில் எடுங்கள். இதை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் பேசும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எதையும் மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். இரண்டு கார்களுக்கு இடையே 0.3 விநாடிக்குள் வித்தியாசம் இருந்தால் சமம் என்று எழுதிவிடலாம். டிராக்கில் சுற்றும்போது மூன்று நான்கு வேகச் சுற்றுக்கு ஒரு முறை பிரேக் சூடு ஆற மெதுவாக ஒரு சுற்று போங்கள், உள்ளே வந்து நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

மின்சாரக் கார் ஒன்று குழுவில் இருந்தால் பேட்டரி எத்தனை சதவீதத்தில் இருந்தது என்பதையும் ஒவ்வொரு ஓட்டத்தோடும் எழுத வேண்டும், சார்ஜ் இறங்க இறங்கச் சில கார்களில் சக்தி குறையும்.

படி 5: சாவியை மாற்றிக்கொள்வது

குணம் தெரிய வேகம் தேவையில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வரையாடும் சிங்கவால் குரங்கும் நடமாடும் புலிகள் காப்பகம் அது, 30–40 கிலோமீட்டர் வேகம்தான் அங்கே சரி. அந்த வேகத்திலேயே ஒரு காரின் எல்லாக் குணமும் வெளியே வந்துவிடும். மேலே ஏறும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிடுவதும், வளைவில் ஹாரன் அடிப்பதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒவ்வொரு வளைவிலும் இரண்டாம் கியரில் 20 கிலோமீட்டருக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும். முள் 1,500 ஆர்பிஎம் பக்கம் நிற்கும். அங்கே ஸ்விஃப்ட் ஒரு கணம் யோசிக்கும், செங்குத்தான வளைவு என்றால் முதல் கியர் கேட்கும். ஆனால் மூக்கு இலேசாக இருப்பதால் திருப்பிய பக்கம் ஆசையோடு திரும்பும். ஃபிகோ டீசல் டர்போ விழிக்கும் வரை அமைதியாக இருந்துவிட்டு அப்புறம் ஒரேயடியாக இழுக்கும், முன்பக்கம் எடை அதிகம் என்பதும் கையில் தெரியும். போலோவில் இழுவைக்குக் குறைவில்லை, கியர்பாக்ஸ் எந்தக் கியரைத் தேர்ந்தெடுக்கும் என்பதில்தான் தயக்கம், அதனால் மேனுவல் மோடில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சிட்டி எங்கேயும் திடுக்கிட வைக்காது. அழுத்திய அளவுக்குச் சரியாக அவ்வளவே கொடுக்கும், மேலே போகப் போக எஞ்சின் பாடும்.

உயரத்தையும் கவனியுங்கள். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத சிட்டியின் 121 பிஎஸ் அங்கே 97-ஐ ஒட்டி வந்துவிடும். டர்போ கார்கள் கூடுதலாகச் சுழன்று பெரும்பகுதியை ஈடுகட்டும். கீழே சமமாக இருந்த கார்கள் மேலே சமமாக இல்லாததற்கு இதுதான் காரணம்.

சாவி மாற்றத்துக்குச் சில ஒழுங்குகள் வேண்டும். எல்லோரும் அதே துண்டுப் பாதையை ஓட்டட்டும். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் கை பழகுவதற்கு, அதில் எதையும் எழுத வேண்டாம். உரிமையாளர் பக்கத்து சீட்டில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும், "இப்ப பாருங்க, இப்ப பாருங்க" என்று சொன்னால் ஓட்டுபவர் அவர் காட்டியதைத்தான் பார்ப்பார். இறங்கியதும் யாரோடும் பேசுவதற்கு முன் எழுதிவிட வேண்டும். கடைசியாக ஒவ்வொருவரும் தன் காரையே ஒரு முறை ஓட்ட வேண்டும். மற்ற மூன்றையும் ஓட்டிவிட்டு வந்து உட்காரும்போதுதான் தன் கிளட்ச் எவ்வளவு கனம், சீட் எங்கே இடுப்பைத் தாங்கவில்லை, ஸ்டியரிங்கின் நடுவில் எவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது என்பதெல்லாம் தெரியும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

எழுதும்போது பத்துக்கு ஏழு என்று மதிப்பெண் போடுவதை நான் விரும்புவதில்லை. வாக்கியமாக எழுதுங்கள். பிரேக் பெடல் முதல் தொடுதலிலேயே பிடிக்கிறதா, பாதி தூரம் போய்ப் பிடிக்கிறதா? வளைவில் உடல் சாய்ந்தபின் ஒரே ஆட்டத்தில் நிலைக்கிறதா, இரண்டு முறை ஆடுகிறதா? வளைவின் நடுவில் குழி வந்தால் ஸ்டியரிங் கையைத் தட்டுகிறதா? வளைவை விட்டு வெளியே வரும்போது ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருகிறதா, நாம் கொண்டுவர வேண்டியிருக்கிறதா? இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங் போதுமானதா?

படி 6: ஊருக்குள் ஒரு மணி நேரம்

மலையில் அசத்திய கார் மாலை ஆறு மணிக்குக் கோவை அவினாசி சாலையில் என்ன செய்கிறது என்று பார்க்காமல் ஒப்பீடு முடியாது. ஏசி போட்டு, நெரிசலில், இன்னொருவர் காரை ஓட்டுங்கள். ஏழு கியர் டிஎஸ்ஜியின் உலர் கிளட்ச் ஊர்ந்து போவதை விரும்பாது, நெளிவது காலுக்கே தெரியும். ஃபிகோவில் கிளட்ச் கால் வலிக்கிறதா, ஸ்விஃப்ட்டில் ஏசி போட்டதும் எவ்வளவு மூச்சு குறைகிறது, சிட்டியின் தாழ்ந்த வயிறு வேகத்தடையில் உரசுகிறதா என்று கவனியுங்கள்.

படி 7: பதிவு

ஒரு காருக்கு ஒரு பக்கம் போதும். மேலே தேதி, வெப்பம், டயர் விவரம், பெட்ரோல், ஓடிய கிலோமீட்டர். நடுவில் அளந்த எண்கள். கீழே நான்கு பேரும் எழுதிய வாக்கியங்கள், பெயரோடு. தரவரிசை போட வேண்டாம். நால்வரில் மூவர் தனித்தனியாக ஒரே குறையை எழுதியிருந்தால் அது காரின் குணம் என்று எடுத்துக்கொள்ளலாம், ஒருவர் மட்டும் எழுதியிருந்தால் அது அவருடைய உயரமோ பழக்கமோ ஆக இருக்கலாம். உரிமையாளர் மட்டும் எழுதாமல் விட்ட குறை இருந்தால் அதை அடிக்கோடிடுங்கள்.

டயர், ஷாக் அப்சார்பர், ரீமேப் என்று எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, அதே பெட்டியை வைத்து, அதே பருவத்தில் மறுபடி ஓட்டிப் புதுப் பக்கம் எழுதுங்கள். போலோவின் விற்பனை 2022-இல் இந்தியாவில் நின்றுவிட்டது, ஃபோர்டு 2021-இலேயே இந்திய விற்பனைக்கான கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இந்தக் கார்களைப் பராமரித்து ஓட்டுபவர்களுக்கு, இரண்டு வருடத்துக்கு முன் தன் வண்டி எப்படி இழுத்தது, எங்கே பிடித்தது என்று எழுதிவைத்த ஒரு தாள், மெக்கானிக்கிடம் போய் "முன்ன மாதிரி இல்லைங்க" என்று சொல்வதைவிட நிறைய உதவும்.